காலி என்று எழுதிய இடம்

பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு துறைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி ஆண்டுக் கடைசியில் செலவாகாமல் கிடக்கிறது. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. சிக்கனமாக இருந்தாலும் பணம் மிஞ்சும், வேலையே நடக்காமல் இருந்தாலும் பணம் மிஞ்சும். தாளில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம்தான்.

நலம் விசாரிக்கும் முன்பே கேள்வி கேட்டுவிட்டேன். எப்படி இருக்கிறாய்? டிசம்பரில் பேசியபோது தொண்டை கரகரப்பு என்றாய். அதற்குப் பிறகு உன் குரலையே கேட்கவில்லை. போன் செய்தால் கட் ஆகிறது. பின்னாலேயே 'வகுப்பில் இருக்கிறேன், கடிதம் போடு' என்று செய்தி வருகிறது. எனக்கும் போனில் பேச வராது என்பதால் இந்த ஏற்பாடு வசதியாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வு மையத்தை மே மாதத்தோடு மூடுகிறார்கள். நகர நிர்வாகத்தில் பட்ஜெட் ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன் அல்லவா, எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். ஏப்ரலில் நேர்காணல். கையில் ஒரு கணக்குத் தாளைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் எதை வெட்டலாம் என்று சொல்லச் சொல்வார்களாம். வயது வரம்பு ஐம்பது. அடுத்த முறை விளம்பரம் வரும்போது நான் வரம்புக்கு அந்தப் பக்கம் நிற்பேன். உன் அத்தானின் சம்பளம் வாடகைக்கும் அவர் மாத்திரைக்கும் சரியாகப் போகும். ஆகவே இது கிடைத்தே தீர வேண்டும்.

நீ வருடா வருடம் உங்கள் பிரிவுக்குப் பணம் கேட்டு இந்த ஆட்கள் முன்னால் போய் உட்காருகிறவள். அவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் தேர்வுத்தாள்தான் வந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள், அதாவது நீ கவலைப்பட்டுக்கொண்டும், அவர் அதைக் கிண்டல் செய்துகொண்டும்.

அவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று கேட்டாய். அவர்கள் யோசிப்பதில்லை, கடைசிக் கட்டத்தைப் பார்ப்பார்கள். எவ்வளவு மிஞ்சியது என்று போட்டிருக்குமே, அந்தக் கட்டம். அதில் விரலை வைத்துக்கொண்டு, "இது ஏம்மா மிஞ்சிச்சு?" என்பார்கள். "நாங்க சிக்கனமா இருந்தோம் சார்" என்றால், "அப்போ அடுத்த வருஷமும் சிக்கனமா இருங்க" என்று அதையே வெட்டிவிடுவார்கள். "தேவைப்படும் சார்" என்றால், "தேவைன்னா ஏன் செலவழிக்கலை?" எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்வோம். பதினைந்து வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பதிலைச் சொல்லிப் பார். பேச்சுப் பயிற்சிக்கு வரும் என் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் நான் முதலில் கொடுப்பது ஒரு சின்ன முகக் கண்ணாடிதான். ழ வராத பிள்ளை தன் நாக்கு எங்கே போகிறது என்று பார்த்தால்தான் அதைத் திருப்பும். உனக்கு நாக்கு ஒழுங்காகத்தான் திரும்பும். முகம்தான் பிரச்சினை. சந்தேகம் வந்தால் எதிராளி ஏதோ திருடிவிட்டது போலப் பார்ப்பாய். அதைக் குறைத்துக்கொள்.

தொண்டை பரவாயில்லை.

வாயாடி

பிப்ரவரி 25

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். முதல் பதில் முடிவதற்குள் எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. நீ சொன்ன அந்தப் பார்வை நிஜம்தான்.

உன் அத்தான் நேர்காணல் நடத்துகிறேன் என்று கிளம்பினார். சாப்பாட்டு மேஜையில் மூக்குக்கண்ணாடியை நுனிமூக்கில் இறக்கிக்கொண்டு, "உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

"இந்த வீட்ல எதை வெட்டலாம், சொல்லுங்க பார்ப்போம்."

"நீங்க வாங்குற ரெண்டாவது பேப்பரை."

"அது எழுத்தறிவுச் செலவு. வேற?"

"படிக்காமக் கட்டிக் கட்டி வச்சிருக்கீங்களே, அதுவா?"

"அடுத்தவங்களை உள்ள அனுப்புங்க" என்று எழுந்து போய்விட்டார்.

சிரித்தேன். ஆனால் மையத்தில் நாற்காலிகளுக்கு எண் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள், ஏலத்துக்காக. நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் குனிந்து என் நாற்காலியின் காலில் ஒட்டிவிட்டு, "நீங்க உக்காருங்க மேடம், பரவாயில்ல" என்றார்.

எனக்குப் பயிற்சிக்கு ஒரு தாள் வேண்டும். புத்தகத்தில் இருப்பவை எல்லாம் பெரிய பெரிய துறைகள். உங்கள் பிரிவைப் போலச் சின்னதாக ஒன்றைக் கற்பனை செய்து அனுப்பு. தொண்டைக்கு டாக்டரைப் பார்த்தாயா? பரவாயில்லை என்பது பதில் அல்ல.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். கொஞ்சம் அலைச்சல், வேறொன்றும் இல்லை. டாக்டரைப் பார்த்தேன். பேச்சைக் குறைக்கச் சொன்னார். என்னைப் போய்!

இதோடு தாள் வைத்திருக்கிறேன். ஒரு சின்னப் பிரிவு. பயிற்சியாளர்கள் மூன்று பேருக்கு இடம். சம்பளம், பயிற்சிப் பொருள்கள், பராமரிப்பு என்று மூன்று தலைப்பு. பொருள்களின் பட்டியலைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன். மூன்றில் ஓர் இடத்துக்கு டிசம்பரிலிருந்து சம்பளம் போகவில்லை. மற்ற இரண்டு தலைப்பிலும் கிட்டத்தட்ட முழுதும் செலவாகியிருக்கிறது. மேலே இருந்து, பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று உத்தரவு. நீ என்ன செய்வாய்?

உண்மையாக என்ன செய்வாயோ அதை எழுது. மனசு பார்த்து எழுதாதே, தங்கச்சிதானே என்று கோழி கிறுக்கினது மாதிரியும் எழுதாதே. அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆளாக எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

வாயாடி

மார்ச் 16

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? பேச்சைக் குறைக்கச் சொன்ன அந்த டாக்டரின் தைரியத்தைப் பாராட்டுகிறேன்.

உன் தாள் அருமை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்தேன், பாதி நேரத்திலேயே முடிந்துவிட்டது. என் விடை:

பொருள்களில் கை வைக்க முடியாது, முழுதும் பயன்பட்டிருக்கிறது. பராமரிப்பில் வெட்டினால் அடுத்த வருடம் இரட்டிப்பாகச் செலவாகும். மூன்றாவது பயிற்சியாளர் இடம் டிசம்பரிலிருந்து காலி. காலியாக இருந்தும் பிரிவு ஓடிக்கொண்டிருக்கிறது, பொருள்கள் செலவாகின்றன. அதாவது இரண்டு பேரே போதும் என்று பிரிவே நிரூபித்துவிட்டது. ஆகவே அந்தக் காலி இடத்தை நீக்கிவிடலாம். யாருக்கும் வேலை போகாது, யாரும் அழ மாட்டார்கள், உத்தரவுக்கு மேலேயே குறைப்பும் கிடைத்துவிடும்.

உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "சுத்தமா இருக்கு. கத்தி இறங்கினதே தெரியலை" என்றார். முதல் முறையாக, இந்த வேலைக்கு நான் லாயக்குதான் என்று தோன்றியது. இன்னொரு தாள் அனுப்பு, கொஞ்சம் கடினமாக.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் விடை சரி. அவர்களும் அப்படித்தான் செய்வார்கள். வேறு தாள் எழுத இப்போது நேரமில்லை. நேர்காணலுக்கு வாழ்த்துகள்.

உன் தங்கை

ஏப்ரல் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேர்காணல் இருபத்தேழாம் தேதி என்று கடிதம் வந்துவிட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன்.

மூன்று வாரம் காத்திருந்து வந்தது ஒரு நாலு வரிக் கடிதம். முதலில் எனக்குச் சந்தோஷம்தான், 'சரி' என்று போட்டிருக்கிறாயே என்று. உன் அத்தான் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, தந்தியா? இவ ஒரு தும்மலைச் சொல்றதுக்கே ரெண்டு பக்கம் எழுதுவாளே" என்றார். "வேலை இருக்கும்" என்றேன். "கீழ பாரு, வாயாடின்னு போடலை" என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு உன் தாளை எடுத்து, இந்த முறை எண்களை விட்டுவிட்டு, எழுத்தைப் படித்தேன். பொருள்களின் பட்டியலில் நீ எழுதியிருப்பது: சின்ன முகக் கண்ணாடிகள், உறிஞ்சு குழாய்கள், ஊதிப் பறக்கவிடும் சோப்புத் தண்ணீர், சிலேட்டுகள். கற்பனைப் பிரிவு ஒன்று எதற்கு முகக் கண்ணாடி வாங்கும்? இந்தப் பட்டியல் முதலிலிருந்தே என் கண் முன்னால்தான் இருந்தது. விலை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

டிசம்பரிலிருந்து சம்பளம் போகவில்லை என்று எழுதியிருந்தாய். இடம் காலி என்று நீ எங்கேயும் எழுதவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அது நான் எழுதிய சொல்.

டிசம்பருக்குப் பிறகுதான் நானும் உன் குரலைக் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது ஆள் யார்? போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. இதற்கு மட்டும் பதில் போடு. ஒரு வரி போதும்.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா அவர்களுக்கு வணக்கம். இந்தப் பக்கம் எல்லாரும் சுகம், உங்க தங்கச்சியைத் தவிர.

நான் அவங்க மாடிவீட்டு டெய்லர். உங்க லெட்டர் வந்தப்போ அவங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பிரிக்கலாமான்னு சைகையில கேட்டேன், தலையாட்டினாங்க. படிச்சுக் காட்டினேன். திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

அவங்க சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னாங்க, எழுதக் கூடாதுன்னு சொல்லலை. அதனால எழுதறேன். தொண்டையில கட்டி. டிசம்பர்லயே குரல் போயிடுச்சு. பிள்ளைங்களுக்கு வாய்ப்பேச்சு சொல்லிக் குடுக்கறவங்க வாயே திறக்க முடியாம எப்படிப் போறது? சம்பளமில்லாத லீவு. போன வாரம் ஆபரேஷன் ஆச்சு. கெட்ட கட்டி இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதனால பயப்படாதீங்க. குரல் எவ்வளவு திரும்பும்னு மட்டும் இப்ப சொல்ல முடியாதாம். மூணு மாசம் முணுமுணுக்கக்கூடக் கூடாதாம். எல்லாத்துக்கும் சிலேட்டுதான். என்னைத் திட்டறதுக்கே ரெண்டு சாக்பீஸ் தீர்ந்துபோச்சு.

உங்களுக்கு இன்டர்வியூ கெட்டுப்போயிடும்னு பயந்தாங்க. வேற ஒண்ணும் இல்லை. அளவு எடுக்கற நோட்டுல கிழிச்சு எழுதியிருக்கேன், தப்பா நினைக்காதீங்க.

மாடிவீட்டு டெய்லர்

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

டெய்லர் காட்டிக்கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டேன். கஞ்சி, தூக்கம், சிலேட்டு. பெரிய வலி இல்லை. இதை நம்பு.

அந்தத் தாள் எங்கள் பிரிவுதான். பொய் சொன்னதற்கு வருத்தம் இல்லை, கேட்டதற்குத்தான் வருத்தம். எங்கள் ஊர் பட்ஜெட் அலுவலகத்திலிருந்து பிப்ரவரியிலேயே காகிதம் வந்துவிட்டது. ஓர் இடத்துக்குச் செலவில்லை, காரணத்தை எழுதி மார்ச் கடைசிக்குள் நேரில் தர வேண்டும் என்று முதலில் போட்டிருந்தார்கள். பிறகு ஏப்ரல் வரை நீட்டினார்கள். என்ன எழுதினால் விடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களைப் போல யோசிக்கிற ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறாளே, அவள் என்ன செய்வாள் என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

உன் மேல் கோபம் இல்லை. நீ செய்தது தாளில் சரி. "யாரும் அழ மாட்டார்கள்" என்ற வரியைத்தான் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. நான் காலி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தேழாம் தேதி நேர்காணலுக்குப் போ. அதை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றாயானால் கதவைத் திறக்க மாட்டேன். என்னால் கத்தவும் முடியாது, நீதான் வெளியே நின்று கத்த வேண்டும். தெருவே பார்க்கும்.

வாயாடி (விடுப்பில்)

ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நாளை காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். வருகிறேன், பட்ஜெட் அலுவலகக் காகிதத்தைத் தேடி எடுத்து வை என்று போனில் செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்டு ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு அது எழுத வராது. நேர்காணலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீளமான அறை. ஜன்னலுக்குப் பக்கத்தில் பழுதான பிரிண்டர் ஒன்று, அதன் மேல் யாரோ சாப்பிட்டுவிட்டு வைத்த டிபன் டப்பா. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தூங்கி எழுந்தவர் போல இருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஒரு பெண்மணி, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக. மூன்றாமவர் குறிப்பேடு ஒன்றை விரித்து வைத்திருந்தார்.

தாள் கொடுத்தார்கள். பூங்காப் பிரிவு. தோட்டக்காரர்கள் ஆறு பேருக்கு இடம், சம்பளத் தலைப்பில் பணம் மிச்சம். பெயர்தான் வேறு, மற்றபடி உன் தாளேதான். விடை எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு முறை சுத்தமாக எழுதியிருக்கிறேன். பேனாவைத் திறந்து 'காலி' என்று எழுதப் போனேன். கை நின்றுவிட்டது.

"இதுல யாராவது லீவுல இருக்காங்களா?" என்று கேட்டேன்.

நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்தார். "அது இதுல இல்லையே."

"அப்போ மிச்சம்னு மட்டும்தான் சொல்ல முடியும் சார். காலின்னு சொல்ல முடியாது. ஆள் வராததும் இடம் காலியா இருக்கறதும் ஒண்ணு இல்ல."

பேனா மூடி நின்றது. "நாங்க உங்ககிட்ட பதில் கேட்டோம்மா, கேள்வி கேக்கலை. அரை மணி நேரத்துல வெட்டியே ஆகணும்னா என்ன பண்ணுவீங்க?"

"வெட்டுவேன். பக்கத்துல, காரணம் கேக்கலைன்னு எழுதிக் கையெழுத்தும் போடுவேன்."

"அப்படி ஒரு கட்டமே இல்லையே" என்றார் நடுவில் இருந்தவர்.

"மார்ஜின்ல எழுதுவேன்."

மூன்றாமவர் மட்டும் எதையோ குறித்துக்கொண்டார். போகலாம் என்றார்கள். உன் அத்தான் வெளியே வராந்தாவில் இரண்டு பேப்பரோடு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பாதி புடவையில் போயிற்று. இருந்த ஒரே வாய்ப்பை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்றுதான் இதை எழுதும் வரை நினைக்கிறேன். அந்தப் பூங்காவில் அப்படி யாரும் விடுப்பில் இல்லாமலே கூட இருக்கலாம். அந்த ஆறு பேரையும் எனக்குத் தெரியாது.

மிச்சம் நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று முதல் கடிதத்தில் கேட்டேன். இப்போதும் தெரியவில்லை.

அக்கா

ஏப்ரல் 28, உன் மேஜையில்

நீ மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாய். எல்லாம் நீயே பார்த்ததுதான். ஆனாலும் நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று குறித்து வைக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் வந்தது. வேலை வேறொருவருக்கு. காத்திருப்போர் பட்டியலில் நான் முதலில் இருக்கிறேனாம். "அவங்க வந்து சேரலைன்னா உங்களைக் கூப்பிடுவோம் மேடம்" என்றாள் அந்தப் பெண். நன்றி சொன்னேன். ஜூன் மாதம் வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே உன் தெருவுக்குள் திரும்பினேன்.

நீ கதவைத் திறந்தாய். கழுத்தில் கட்டு. மெலிந்திருந்தாய். சிலேட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாய்: 'கிடைச்சுதா?'

"இல்ல. யாராவது வராமப் போனா எனக்காம்."

துடைத்துவிட்டு எழுதினாய்: 'அப்போ என்னை மாதிரியே வராத ஒருத்தி உனக்கும் வேணும்.' பிறகு உன் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. மாடிப்படியிலிருந்து டெய்லர், "சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!" என்று கத்திய பிறகுதான் தெரிந்தது.

காகிதத்தை எடுத்தோம். காரணம் என்ற கட்டத்தில் நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய்: 'பணியாளர் சம்பளமில்லா மருத்துவ விடுப்பில் இருக்கிறார். இடம் காலி அல்ல.' டாக்டரின் சான்றை இணைத்தோம். ஆட்டோ பிடித்து உங்கள் ஊர் பட்ஜெட் அலுவலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் படித்தார், உன்னைப் பார்த்தார். உன்னிடம் ஏதோ கேட்டார். நீ சிலேட்டை எடுத்தாய். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்குப் பேச்சு வராதா?"

"வரும்" என்றேன். "இப்போ லீவுல இருக்கு."

அவர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.